பட்டறைக்கு ஒரு மின்வரைபடம்

மாணவர்களே! டிசம்பர் மாதத்தில் ஒரு மாலை வேளையை எண்ணிப் பாருங்கள். கடிகாரம் 5 மணி காட்டுகிறது. சென்னைக் கடற்கரையில் அந்நேரத்தில் வெயில் மங்கியிருக்குமே தவிர, மறைந்திருக்காது. சிறுவர்கள் இன்னும் பந்து ஆடிக்கொண்டிருப்பார்கள். ஆனால், நாம் வாழும் தெற்கு அந்தமானில் அதே 5 மணிக்குச் சூரியன் கடலில் இறங்கிவிடுகிறது. சற்று நேரத்தில் விளக்கு இல்லாமல் ஊசியில் நூல் கோக்க இயலாது.

இதற்குக் காரணம் எளிது. இந்தியா முழுமைக்கும் ஒரே நேரம். அந்நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. முன்பு போர்ட் பிளேர் என்றும், 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்றும் வழங்கப்படும் நம் தலைநகரமோ ஏறத்தாழ 92.7 பாகையில் உள்ளது. ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்று பெருக்கிப் பார்த்தால், நம் சூரியன் கடிகாரத்தைவிட 40 நிமிடம் முந்திச் செல்வது விளங்கும். விடியலும் முந்தும், இருளும் முந்தும். பகலில் வேறு பணி செய்து, மாலையில் வீட்டுக் கொட்டகையில் தச்சு வேலை செய்யும் ஒருவருக்கு இந்த 40 நிமிடம் சிறிய இழப்பு அன்று. அவர் வேலையைத் தொடங்கும்போதே இருட்டிவிடுகிறது.

அத்தகைய ஒரு குடும்பத்தை மனத்தில் எண்ணிக்கொள்வோம். தந்தை தச்சர். அவருடைய பெற்றோர் இராமநாதபுரத்துப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள். மகள் எட்டாம் வகுப்பு மாணவி. வீட்டின் பின்புறம் தகரக் கூரையிட்ட ஒரு கொட்டகை உள்ளது. அதன் நீளம் 4 மீட்டர். அகலம் 3 மீட்டர். வீட்டு மின்அளவியிலிருந்து அது 20 மீட்டர் தொலைவில் இருக்கிறது. இதுவரை தந்தை வீட்டுச் சுவரிலுள்ள சாக்கெட்டிலிருந்து ஒரு நீட்டிப்புக் கம்பியை இழுத்து வந்து, அதிலேயே இரம்பம், துளைக்கருவி, விளக்கு ஆகிய அனைத்தையும் மாட்டிவந்தார். இப்போது கொட்டகையை முறையான பட்டறை ஆக்க விரும்புகிறார். அண்டை வீட்டில் உரிமம் பெற்ற மின்பணியாளர் ஒருவர் இருக்கிறார். மகளுக்கு அவர் 'வயர்மேன் மாமா'.

"கம்பி வாங்குவதற்கு முன் காகிதம் வாங்குங்கள்" என்பதே அவர் கூறிய முதல் சொல்.

வரைபடம்தான் முதல் வேலை. கட்டமிட்ட தாளில் ஒரு கட்டத்திற்கு அரை மீட்டர் என்று வைத்து மகள் கொட்டகையை வரைந்தாள். கதவு, சன்னல், வேலைமேசை, சாணைக்கல், பலகைகள் சாய்த்து வைக்கும் மூலை ஆகியவற்றைக் குறித்தாள். பின்னர்க் கருவிகளின் மேல் ஒட்டியுள்ள தகட்டைப் படித்து அவற்றின் திறனை எழுதினாள். வட்ட இரம்பம் 1,200 வாட். தூள் உறிஞ்சும் கருவி 1,000 வாட். துளைக்கருவியும் இழைப்புக் கருவியும் தனித்தனியே 600 வாட். சாணைக்கல் 350 வாட். விளக்குகளும் விசிறியும் சேர்ந்து ஏறத்தாழ 150 வாட். கூட்டினால் 3,900 வாட் வருகிறது.

"இவ்வளவு மின்சாரத்தை நம் கம்பி தாங்குமா, மாமா?" என்று மகள் கேட்டாள்.

"உன் தந்தைக்கு எத்தனை கை, அம்மா?" என்று அவர் திருப்பிக் கேட்டார்.

மகளுக்குப் புரிந்துவிட்டது. ஒருவர் ஒரு நேரத்தில் ஒரு கருவியைத்தான் இயக்குவார். இரம்பம் ஓடும்போது தூள் உறிஞ்சும் கருவியும் ஓடும். விளக்கும் விசிறியும் ஓடும். ஆகவே, உண்மையில் ஒரே நேரத்தில் தேவைப்படுவது 1,200 + 1,000 + 150 = 2,350 வாட். நம் நாட்டு வீடுகளுக்கு வரும் மின்னழுத்தம் 230 வோல்ட். 2,350-ஐ 230-ஆல் வகுத்தால் 10 ஆம்பியருக்குச் சற்று மேல் வரும். திட்டமிடலில் இந்த எண்ணே அடிப்படை. எல்லாவற்றையும் கூட்டி மிகப் பெரிய கம்பி வாங்குவது வீண்செலவு. எதையும் கூட்டாமல் கிடைத்த கம்பியை மாட்டுவது ஆபத்து.

அந்த ஆபத்தையும் மகள் கணக்காகப் பார்த்தாள். பழைய நீட்டிப்புக் கம்பியின் செம்பு 0.75 சதுர மில்லிமீட்டர் தடிப்பே உடையது. மின்சாரம் 20 மீட்டர் போய், 20 மீட்டர் திரும்பவேண்டும். ஆக 40 மீட்டர். ஒரு மீட்டர் நீளமும் ஒரு சதுர மில்லிமீட்டர் தடிப்பும் உள்ள செம்புக்கம்பியின் மின்தடை ஏறத்தாழ 0.0175 ஓம். அதை 40-ஆல் பெருக்கி 0.75-ஆல் வகுத்தால் 0.93 ஓம் கிடைக்கும். 10 ஆம்பியர் ஓடும்போது இழக்கப்படும் மின்னழுத்தம் 9.3 வோல்ட். அதைவிட முக்கியமானது, அக்கம்பியில் பிறக்கும் வெப்பம் 93 வாட். மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கினால் இது வரும். கம்பி நீட்டிக் கிடந்தால் அவ்வெப்பம் காற்றில் கலைந்துவிடும். மீதிக் கம்பியைச் சுருட்டி மரத்தூளின் மேல் போட்டிருந்தால்? பல நாள் தந்தை அப்படித்தான் போட்டிருந்தார். அவர் ஒன்றும் பேசாமல் எழுந்துபோய் அக்கம்பியைச் சுவரிலிருந்து கழற்றினார்.

புதிய இணைப்புக்கு 4 சதுர மில்லிமீட்டர் செம்புக்கம்பி என்று முடிவாயிற்று. இதன் மின்தடை 0.175 ஓம் மட்டுமே. 10 ஆம்பியரில் 1.75 வோல்ட் இழப்பு, கண்ணுக்குத் தெரியாது. மோட்டார் தொடங்கும் கணத்தில் வழக்கமான மின்னோட்டத்தைப்போலப் பல மடங்கு இழுக்கும். அப்போது 40 ஆம்பியர் ஓடினாலும் இழப்பு 7 வோல்ட்டோடு நின்றுவிடும்; விளக்கு ஒரு சிமிட்டுச் சிமிட்டும், அவ்வளவே. வீட்டிலிருந்து கொட்டகை வரை இக்கம்பி எஃகுக் கவசமிட்ட கேபிளாக, ஏறத்தாழ 75 செ.மீ. ஆழத்தில் மண்ணுக்கடியில் வரும். மேலே தொங்கவிட்டால் தென்னை மட்டை விழும். இத்தீவில் அதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

இனி, இப்பாடத்தின் நடுப்பகுதிக்கு வருவோம்.

பட்டறைக்குள் வரும் மின்சாரத்தை எத்தனை சுற்றுகளாகப் பிரிப்பது? தந்தை ஒன்று போதும் என்றார். செலவு குறையும் என்பது அவர் எண்ணம். வயர்மேன் மாமா தாளில் ஒரு வட்ட இரம்பத்தை வரைந்தார். "கடினமான படாக் பலகையை அறுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள், அண்ணா. வாள் பலகையில் இறுகிக்கொள்கிறது. மோட்டார் திணறி மின்னோட்டத்தை மிகுதியாக இழுக்கிறது. எம்.சி.பி. விழுகிறது. விளக்கும் அதே எம்.சி.பி.யில் இருந்தால் என்ன ஆகும்?"

தந்தை பதில் சொல்லவில்லை. மகள் சொன்னாள்: "இருட்டாகிவிடும். வாள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும். அப்பாவின் கை அதன் அருகில் இருக்கும்."

ஆகவே, விளக்குக்கு ஒரு சுற்று. கருவிகளுக்கு வேறொரு சுற்று. விளக்குச் சுற்றுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பியும் 6 ஆம்பியர் எம்.சி.பி.யும் போதும். கருவிச் சுற்றுக்கு 4 சதுர மில்லிமீட்டர் கம்பியும் 16 ஆம்பியர் எம்.சி.பி.யும் வேண்டும். எம்.சி.பி.களிலும் வகை உண்டு. 'பி' வகை, தன் அளவைப்போல 3 முதல் 5 மடங்கு மின்னோட்டம் பாய்ந்தால் உடனே விழும். 'சி' வகை 5 முதல் 10 மடங்கு வரை பொறுக்கும். மோட்டார் தொடங்கும்போதெல்லாம் விழுந்து தொல்லை தராதிருக்கக் கருவிச் சுற்றுக்குச் 'சி' வகை பொருந்தும். பலர், எம்.சி.பி. அடிக்கடி விழுகிறது என்று அதை எடுத்துவிட்டுப் பெரிய அளவை மாட்டுவர். எம்.சி.பி. காப்பது கருவியை அன்று, கம்பியை. மெல்லிய கம்பிக்குப் பெரிய எம்.சி.பி. மாட்டினால், எம்.சி.பி. நிற்கும், கம்பி எரியும்.

மனிதரைக் காப்பது வேறொரு கருவி. அதற்கு ஆர்.சி.சி.பி. என்று பெயர், மின்கசிவுத் துண்டிப்பான் என்று தமிழில் கூறலாம். மின்சாரம் ஒரு கம்பியில் போய் மற்றொரு கம்பியில் திரும்புகிறது. போனதும் வந்ததும் சமமாக இருந்தால் எல்லாம் நலம். சமமில்லை என்றால், இடையில் எங்கோ கசிகிறது; ஈரச் சுவர் வழியாகவோ, ஒருவர் உடல் வழியாகவோ. வேறுபாடு 30 மில்லிஆம்பியரை எட்டினால் இக்கருவி ஒரு நொடியின் மூன்றில் ஒரு பங்குக்குள் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். 30 மில்லிஆம்பியர் என்பது எவ்வளவு? பழைய 60 வாட் குண்டுவிளக்கு ஒன்று எரிய 260 மில்லிஆம்பியர் வேண்டும். அதில் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கு. அவ்வளவு சிறிய அளவே மனித இதயத்திற்கு எல்லைக்கோடு. 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு இந்த அளவு தெரியவே தெரியாது.

வயர்மேன் மாமா மின்பலகையின் படத்தை வரைந்து முடித்தார். மேலே முதன்மைச் சுவிட்சு. அதன் கீழ் ஓர் ஆர்.சி.சி.பி.; அதன் கீழ் இரண்டு எம்.சி.பி.கள். மகள் படத்தை நெடுநேரம் பார்த்தாள்.

"மாமா, இரம்பத்தில் மின்கசிவு ஏற்பட்டால் விழுவது எது?"

"ஆர்.சி.சி.பி."

"அது இரண்டு எம்.சி.பி.களுக்கும் மேலே இருக்கிறதே! அது விழுந்தால் விளக்கும் அணையுமே!"

அவர் பேனாவை மூடி வைத்திருந்தார். மீண்டும் திறந்தார். கருவிச் சுற்றுக்கு ஒன்றும் விளக்குச் சுற்றுக்கு ஒன்றுமாக இரண்டு ஆர்.சி.சி.பி.கள் வரைந்தார். "இதற்குச் செலவு கொஞ்சம் கூடும், அண்ணா" என்றார். தந்தை மகளைப் பார்த்துவிட்டு, "கூடட்டும்" என்றார்.

தெருவிலேயே மின்சாரம் நின்றுவிட்டால் இந்த ஏற்பாடும் உதவாது. நம் தீவுகள் பெருநிலத்தின் மின்வலையோடு இணைக்கப்பட்டவை அல்ல. ஒவ்வொரு தீவும் தனக்குரிய மின்சாரத்தைத் தானே ஆக்கிக்கொள்ள வேண்டும். அதன் பெரும்பகுதி கப்பலில் வரும் டீசலிலிருந்து பிறக்கிறது. வடக்கு அந்தமானில் திக்லிப்பூர் அருகே கல்பாங் ஆற்றில் 5.25 மெகாவாட் புனல்மின் நிலையம் ஒன்று உண்டு. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எடுக்கும் என்.எல்.சி. நிறுவனம் தெற்கு அந்தமானில் 20 மெகாவாட் சூரிய மின்நிலையத்தை 8 மெகாவாட்-மணி மின்கலத் தொகுதியுடன் அமைத்துள்ளது. நெய்வேலியின் பெயர் இங்கும் ஒளி தருகிறது என்பது தமிழ்ப் பிள்ளைகள் அறியத்தக்க செய்தி. எனினும், சிறிய மின்வலையில் ஓர் இயந்திரம் நின்றாலும் அதன் அதிர்வு வீடு வரை வரும். பெரிய வலையில் பிற நிலையங்கள் தாங்கிக்கொள்ளும். ஆகையால், மின்தடையை எதிர்பார்த்தே இங்குத் திட்டமிடவேண்டும். இரம்பத்திற்கு நேர் மேலே, மின்கலத்தில் இயங்கும் அவசர விளக்கு ஒன்று வரைபடத்தில் ஏறியது. மின்சாரம் நின்றவுடன் அது தானே எரியும்.

மின்தடையில் இன்னொரு பொறி மறைந்திருக்கிறது. அதை நான் என் இளமையில் கண்ணால் கண்டேன். ஒரு பட்டறையில் சாணைக்கல் ஓடிக்கொண்டிருந்தபோது மின்சாரம் நின்றது. சாணை பிடித்தவர் சுவிட்சை அணைக்க மறந்து தேநீர் அருந்தப் போனார். சற்று நேரம் கழித்து வேறொருவர் கல்லின் மேல் ஒட்டியிருந்த துகளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். மின்சாரம் வந்தது. துணி போயிற்று, நல்வினையால் விரல்கள் தப்பின. இதைத் தடுக்க ஒரு சுவிட்சு உண்டு. பச்சைப் பொத்தானும் சிவப்புப் பொத்தானும் உடைய இதன் உள்ளே ஒரு மின்காந்தச் சுருள் இருக்கும். மின்சாரம் நின்றால் சுருள் தன் பிடியை விட்டுவிடும். மின்சாரம் திரும்பினாலும் ஒருவர் பச்சைப் பொத்தானை அழுத்தினால்தான் கருவி ஓடும். கிணற்று மோட்டார்களின் ஸ்டார்ட்டர்ப் பெட்டியில் இருப்பதும் இதே அமைப்புத்தான். சாணைக்கல்லுக்கும் இரம்பத்திற்கும் இத்தகைய சுவிட்சு வைப்பதென்று முடிவு செய்யப்பட்டது.

அடுத்தது ஒளி. எவ்வளவு ஒளி, எங்கிருந்து, எத்தகைய ஒளி என்ற மூன்று வினாக்கள் இதில் உண்டு.

ஒளியின் அளவை லக்ஸ் என்னும் அலகால் குறிப்பர். சாதாரண மேசைத் தச்சு வேலைக்கு ஏறத்தாழ 300 லக்ஸ் வேண்டும். கோடு கீறுதல், செதுக்குதல் போன்ற நுண்பணிக்கு 500 லக்ஸ் நன்று. கொட்டகையின் பரப்பு 12 சதுர மீட்டர். 300-ஐ 12-ஆல் பெருக்கினால் 3,600 லூமென். ஆனால், விளக்கு தரும் ஒளி முழுவதும் மேசைக்கு வாராது. சுவரும் கூரையும் ஒரு பகுதியை உறிஞ்சும். விளக்கின் மேல் படியும் மரத்தூள் ஒரு பகுதியை மறைக்கும். நூற்றுக்கு 60 பங்கே வந்துசேரும் என்று கொண்டால் 6,000 லூமென் தேவை. 20 வாட் எல்.இ.டி. குழல்விளக்கு ஒன்று ஏறத்தாழ 2,000 லூமென் தரும். மூன்று விளக்குகள் போதும். நுண்பணிக்கு மேசையருகே வளைந்து திரும்பும் 10 வாட் கைவிளக்கு ஒன்று. சுவருக்கு வெள்ளையடித்தால் செலவில்லாமல் ஒளி கூடும். இதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

எங்கிருந்து என்பது இன்னும் முக்கியம். கூரையின் நடுவில் ஒரே விளக்கைத் தொங்கவிட்டால், மேசை முன் நிற்பவரின் முதுகுக்குப் பின்னே அது அமையும். அவர் தம் நிழலிலேயே வேலை செய்வார். ஆகவே, ஒரு விளக்கை மேசையின் முன்விளிம்புக்கு நேர் மேலேயும், மற்றொன்றைச் சாணைக்கல் பக்கமும், மூன்றாவதைப் பலகை மூலைக்கும் கதவுக்கும் இடையிலும் மகள் குறித்தாள். கைவிளக்கு இடப்பக்கம், தந்தை வலக்கையால் வேலை செய்பவர். இடக்கைப் பழக்கம் உடையவராயின் வலப்பக்கம் வைக்கவேண்டும்.

பகல் ஒளிக்குச் சன்னலை வடக்குப் பக்கம் வைக்க வேண்டும் என்று ஐரோப்பியக் கைந்நூல்கள் கூறும். வடக்கில் நேர்வெயில் வராது என்பது அவர்கள் காரணம். அது அவர்கள் நாட்டுக்குச் சரி. நாம் 11.6 பாகை வட அட்சரேகையில் இருக்கிறோம். ஏப்ரல் பிற்பகுதியிலிருந்து ஆகஸ்ட் பிற்பகுதி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. வடக்குச் சன்னலுக்கும் நீண்ட தாழ்வாரம் இங்குத் தேவை. நூலில் படித்ததை நம் வானத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே ஏற்கவேண்டும்.

எத்தகைய ஒளி என்னும் வினாவுக்குப் படாக் மரம் விடை சொல்லும். அந்தமானின் மாநில மரமாகிய அதன் வைரம் செந்நிறமானது. நிறத்தைச் சரிவரக் காட்டாத மலிவு விளக்கின் கீழ் அது வெறும் பழுப்பாகத் தோன்றும். மெருகிடும்போது ஒரு பலகை சிவப்பாகவும் அடுத்த பலகை மங்கலாகவும் ஆகிவிடும்; மறுநாள் காலையில்தான் பிழை தெரியும். விளக்கின் பெட்டியில் சி.ஆர்.ஐ. என்னும் எண் இருக்கும். அது 80-க்கு மேல் இருத்தல் வேண்டும். மெருகுவேலைக்கு 90 சிறப்பு.

வேறொரு விந்தையும் உண்டு. நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி உடையது. மலிவான எல்.இ.டி. விளக்குகளும் பழைய சோக்கு வைத்த குழல்விளக்குகளும் நொடிக்கு 100 முறை மினுக்குகின்றன. நம் கண் அதை உணர்வதில்லை. சாணைக்கல்லோ நொடிக்கு 50-ஐ ஒட்டிய சுற்றுகள் சுற்றுகிறது. இரண்டு மினுக்குகளுக்கு இடையில் அது ஏறத்தாழ அரைச்சுற்றுச் சுற்றுவதால், ஓடும் சக்கரம் நின்றிருப்பதுபோலவோ மெல்லப் பின்னோக்கிச் செல்வதுபோலவோ தோன்றும். நின்றுவிட்டது என்று நம்பிக் கை வைப்பவரின் நிலை என்ன? மினுக்காத விளக்கைத் தேர்ந்தெடுக்க எளிய வழி ஒன்றை வயர்மேன் மாமா கூறினார்: "கடையில் விளக்கை எரியவிட்டு, கைப்பேசியின் படக்கருவி வழியாகப் பார். கருங்கோடுகள் ஓடினால் அந்த விளக்கை வாங்காதே."

கடற்காற்றைப் பற்றி ஒரு சொல். உப்பும் ஈரமும் சேர்ந்த காற்று இணைப்புகளை அரிக்கும். அரித்த திருகில் பிடி தளரும். தளர்ந்த இணைப்பின் மின்தடை அரை ஓம் ஆனாலும், 10 ஆம்பியர் ஓடும்போது அவ்வொரு புள்ளியில் 50 வாட் வெப்பம் பிறக்கும். பற்றவைக்கும் சூட்டுக்கோல் ஒன்றை மரச்சுவருக்குள் மறந்து வைத்ததற்கு இது நிகர். ஆகவே, இரும்புக் குழாய்க்கு மாறாகப் பி.வி.சி. குழாய், பித்தளைத் திருகுள்ள சாக்கெட், தூளும் ஈரமும் புகாத மூடியுடைய மின்பெட்டி ஆகியவை தேர்ந்தெடுக்கப்பட்டன. சாக்கெட்டுகள் தரையிலிருந்து 110 செ.மீ. உயரத்தில், மேசைக்கு மேலே அமைந்தால் தூள் நிரம்பாது. குனிந்து தேடவும் வேண்டாம்.

எர்த் எனப்படும் நில இணைப்புக்கு இரண்டரை மீட்டர் நீளமுள்ள துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய் ஒன்றைக் கொட்டகைக்கு அருகே ஈரம் நிலைக்கும் இடத்தில் புதைப்பதென்று குறித்தார்கள். கருவியின் இரும்பு உடலில் தவறி மின்சாரம் ஏறினால், அது நம் உடலை நாடாமல் இக்குழாய் வழியே மண்ணுக்குச் செல்லும். பச்சை நிறக் கம்பி இதற்கே உரியது. சிவப்பு மின்சாரம் வரும் கம்பி. கறுப்பு திரும்பும் கம்பி. பச்சைக் கம்பி கூடுதலாக இருக்கிறது என்று அதை வேறு வேலைக்கு எடுத்தல் பெருந்தவறு.

வரைபடம் முடிந்தது. மகள் கம்பி பொருத்தவும் தானே முன்வந்தாள். வயர்மேன் மாமா உடன்படவில்லை. மின்பொருத்தும் வேலையை உரிமம் பெற்றவரே செய்யவேண்டும் என்பது சட்டம். அவர் பணியை முடித்தபின் 500 வோல்ட் மெகர்க் கருவியால் கம்பியுறையின் காப்புத் தடையை அளந்தார். ஒரு மெகா ஓமுக்குக் குறையக்கூடாது. அளவி அதனினும் மிகுதியாகவே காட்டியது. பின்னர் ஆர்.சி.சி.பி.யிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்துமாறு மகளிடம் கூறினார். கருவிச் சுற்று 'டக்' என்று விழுந்தது. விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன.

வாய்ப்புக் கிடைக்கும்போது சாத்தம் தீவின் மரம் அறுக்கும் ஆலையைப் பார்த்து வாருங்கள். பாலத்தின் வழியே நடந்தே போகலாம். 1883-இல் தொடங்கப்பட்ட அவ்வாலையில் பெரிய வாள்களுக்கு மேலே விளக்குகள் எங்கெங்கு அமைந்துள்ளன, நிறுத்துபொத்தான்கள் எவ்விடத்தில் உள்ளன என்று இப்போது உங்கள் கண் தானே தேடும்.

அருஞ்சொற்பொருள்

மின்அளவி – மீட்டர். மின்சாரம் எவ்வளவு செலவாயிற்று என்று காட்டுவது
மின்தடை – கம்பி மின்னோட்டத்தை எதிர்க்கும் அளவு. மின்சாரம் நின்றுபோதலையும் இச்சொல்லால் குறிப்பர்
வைரம் – முதிர்ந்த மரத்தின் உட்பகுதி
கொட்டகை – எளிய கூரையிட்ட இடம்
நல்வினை – நற்பேறு

பயிற்சி

1. 'மின்தடை' என்னும் சொல் இப்பாடத்தில் இரு பொருளில் வந்துள்ளது. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு தொடரைப் பாடத்திலிருந்து எடுத்து எழுதுக.

2. ஒற்றை ஆர்.சி.சி.பி. வரைந்த படத்தில் மகள் கண்ட குறை யாது? உம் சொற்களில் ஐந்து வரிகளில் எழுதுக.

3. பட்டறை வீட்டிலிருந்து 40 மீட்டர் தொலைவில் இருந்தால், 4 சதுர மில்லிமீட்டர் கம்பியில் 10 ஆம்பியர் ஓடும்போது எத்தனை வோல்ட் இழப்பு ஏற்படும்?

4. பிரித்து எழுதுக: நுண்பணி, செந்நிறம், கருங்கோடு, பெருந்தவறு.

5. உம் வீட்டில் நீர் படிக்கும் மேசையைக் கட்டத்தாளில் வரைக. விளக்கு எங்கே உள்ளது, நிழல் எப்பக்கம் விழுகிறது என்று குறிக்க. விளக்கை எங்கு மாற்றலாம் என்று வீட்டுப் பெரியவரோடு தமிழில் கலந்து பேசி, அவர் கூறியதையும் எழுதி வருக.